லோன் பைன்: பெட்ரோல் போட்டுவிட்டுப் போகிற ஊரா, தங்குகிற ஊரா?

மார்ச் 3

வாசகி ஒருவர் கேட்டது: "ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வாடகை ஆர்.வி. (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வண்டி) எடுத்துக்கொண்டு டெத் வேலி பாலைவனம் போகிறோம். நாலு பேர், அதில் ஒருவர் என் மாமியார். வழியில் லோன் பைன் என்று ஓர் ஊர். கௌபாய் படமெல்லாம் எடுத்த இடமாம், ஒரு ராத்திரி தங்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். ஜான் வெய்ன் யாரென்று என் பையனுக்கும் தெரியாது, எனக்கும் பெரிசாகத் தெரியாது. பெட்ரோல் போட்டோமா, பாத்ரூம் போனோமா, கிளம்பினோமா என்று இருக்கவேண்டிய ஊர் என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?"

மார்ச் 3, இரவு

வீட்டுக்காரர் சொல்வதுதான். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 4

முதலில் ஊர். 395ஆம் நெடுஞ்சாலையேதான் அங்கே மெயின் ஸ்ட்ரீட். சிக்னல் ஒன்றே ஒன்று. ஜனத்தொகை இரண்டாயிரத்தை ஒட்டி. ஊர் இருப்பது சுமார் 3,700 அடி உயரத்தில். மேற்கே திரும்பினால் சியரா நெவாடா மலை, அடிவாரக் குன்று என்ற சமாதானமெல்லாம் இல்லாமல் ஒரேயடியாக எழும்பி நிற்கும். அலாஸ்காவைத் தள்ளிவிட்டால் அமெரிக்காவிலேயே உயரமான விட்னி சிகரம், 14,505 அடி, அந்த வரிசையில்தான் இருக்கிறது. ஊருக்கும் மலைக்கும் நடுவே பழுப்பும் ஆரஞ்சுமாக உருண்டைப் பாறைகள் மைல் கணக்கில் குவிந்து கிடக்கின்றன. அதுதான் அலபாமா குன்றுகள்.

சினிமாக்காரர்கள் இங்கே வந்ததற்குக் காரணம் அழகு மட்டுமில்லை, கணக்கு. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து இருநூறு மைல் சொச்சம். அப்போது ரயில் ஓடியது. கேமராவை இப்படித் திருப்பினால் பனிமலை, அப்படித் திருப்பினால் பாறைச் சந்து, முழுக்கத் திருப்பினால் வெறும் பாலை. நடுவில் ஒரு மின்கம்பம் கிடையாது. குதிரையும் குதிரைக்காரனும் பக்கத்துப் பண்ணையிலேயே கிடைத்தார்கள். 1920இல் ராஸ்கோ ஆர்பக்கிள் நடித்த ஊமைப்படத்தில் தொடங்கியது. 1923இல் டௌ ஓட்டல் கட்டினார்கள், நடிகர்கள் வந்தால் தங்க ஓர் இடம் வேண்டுமே. ஓட்டல் இன்றும் நடக்கிறது. இதுவரை எடுத்த படங்கள் நானூறுக்கு மேல் என்பது ஊர்க்காரர்கள் கணக்கு. டாம் மிக்ஸ், ஜீன் ஆட்ரி, ராய் ரோஜர்ஸ், ஹாப்பலாங் காசிடியாக வந்த வில்லியம் பாய்ட், ராண்டால்ஃப் ஸ்காட் எல்லாரும் இந்தப் பாறைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சுட்டவர்கள்தான்.

ஜான் வெய்னைத் தெரியாவிட்டால் பரவாயில்லை. உங்கள் வீட்டில் யாராவது சின்ன வயதில் சிவகாசி காமிக்ஸ் வாங்கிப் படித்திருந்தால் போதும். அதில் வரும் கௌபாய் டெக்ஸ் வில்லர் எந்தப் பாறைச் சந்தில் பதுங்கினார் என்று யாரும் காட்டாமலே எனக்குத் தெரிந்தது. வரைந்தவர்கள் இத்தாலிக்காரர்கள், அது வேறு விஷயம்.

மார்ச் 5

"ஆர்.வி.யை எங்கே நிறுத்துவது, அதைச் சொல்லாமல் கதை எதற்கு?" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். நியாயம்தான்.

மூன்று வழி. முதல் வழி, ஊருக்குத் தெற்கே ஹுக்கப் உள்ள தனியார் ஆர்.வி. பார்க். தண்ணீர், கரண்ட், கழிவுக்குழாய் மூன்றும் இடத்திலேயே. மாமியார் வருகிறார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதுதான். இரண்டாவது, டட்டில் க்ரீக் கேம்ப்கிரவுண்ட். மத்திய அரசின் நில நிர்வாகத் துறை நடத்துவது. ஐயாயிரம் அடிக்குக் கொஞ்சம் மேலே. ஹுக்கப் இல்லை, குழிக் கழிப்பறை, வண்டிக் கழிவைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷன் உண்டு, குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். கட்டணம் மிகக் குறைவு. காலையில் கதவைத் திறந்தால் மலை முகத்துக்கு நேரே நிற்கும். என் ஓட்டு இதற்குத்தான். மூன்றாவது, அலபாமா குன்றுகளுக்குள்ளேயே இலவசமாக. இதைத்தான் யூடியூப்பில் எல்லாரும் காட்டுகிறார்கள்.

அந்த மூன்றாவதைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பெல்லாம் இஷ்டப்பட்ட பாறையடியில் வண்டியைப் போட்டார்கள். கொரோனா காலத்துக் கூட்டத்தில் செடியெல்லாம் சக்கரத்தில் போனது, பாறை இடுக்கெல்லாம் டிஷ்யூ பேப்பர். இப்போது குறித்துக்கொடுத்த இடங்களில் மட்டும்தான். கட்டணமில்லை, ஆனால் முன்கூட்டியே இணையத்தில் பர்மிட் எடுக்க வேண்டும். தீ மூட்ட அதற்குத் தனி அனுமதி. சில பகுதிகள் பகலில் மட்டும். வருடத்தில் 14 நாள்தான் தங்கலாம். தண்ணீர் கிடையாது, குப்பைத்தொட்டி கிடையாது. போதாக்குறைக்கு, குன்றுகளுக்குள் போகிற மூவி ரோடு. விட்னி சிகரம் ஏறுகிறவர்கள் கிளம்பும் இடத்துக்குப் போகிற விட்னி போர்ட்டல் சாலையில் மூணு மைல் போனால் வலது கைப்பக்கம் பிரியும். கொஞ்ச தூரம் தார், அப்புறம் மண். மண் என்றால் வெறும் மண் இல்லை, குறுக்குவாக்கில் வரி வரியாக மேடுபள்ளம். வாடகை ஆர்.வி.யில் அதில் ஏறினால் கப்போர்டு கதவெல்லாம் தானாகத் திறந்து எவர்சில்வர் டம்ளர் ஒவ்வொன்றாகக் குதிக்கும். பல வாடகை ஒப்பந்தங்களில் தார் போடாத சாலையில் போகக்கூடாது என்றே எழுதியிருப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடுங்கள்.

மார்ச் 5, பிற்பகல்

விட்னி போர்ட்டல் வரை ஆர்.வி.யிலேயே போகலாமா என்று இன்னொருவர். வேண்டாம். 8,360 அடி வரை ஏறுகிறது, கொண்டை ஊசி வளைவு, ஒரு பக்கம் பள்ளம். இறங்கும்போது பிரேக் வாசனை கேபினுக்குள் வரும். மேலே கரடி வேறு. வண்டியில் சாப்பாட்டை வைத்துவிட்டு நடக்கப் போகக்கூடாது, அங்கே இருக்கும் இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும். பெருங்காய டப்பாவையும் சேர்த்து. கரடிக்கு நம் பெருங்காயம் பிடிக்குமா என்று சோதித்துப் பார்க்கும் எண்ணம் எனக்கில்லை.

மார்ச் 7

இப்போது நான் உண்மையாகச் சொல்ல வந்தது.

கௌபாய் படம் தெரியாது, அதனால் அந்த ஊரில் நமக்கென்ன என்கிறீர்கள். அங்கே எடுத்த பெரிய படங்களில் ஒன்றில் கௌபாயே கிடையாது. அது இந்தியா. 'கங்கா தின்', 1939இல் வந்தது, ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கியது. கேரி கிராண்ட், விக்டர் மெக்லாக்லன், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் ஜூனியர் மூவரும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். வடமேற்கு எல்லைப்புறம், காளி கோயில், தக்கர்கள் என்ற கொள்ளைக் கூட்டம், யானை, தொங்குபாலம் எல்லாம் உண்டு. அந்த எல்லைப்புறம்தான் இந்த அலபாமா குன்றுகள். 1938 கோடையில் பாறைகளுக்கு நடுவே பாசறையும் கோயிலும் கட்டினார்கள். பின்னால் தெரியும் இமயமலை, சியரா நெவாடா. தண்ணீர் தூக்கும் கங்கா தின்னாக நடித்தவர் சாம் ஜாஃபி. நியூயார்க் யூதர், வயது நாற்பத்தைந்துக்கு மேல், உடம்பெல்லாம் கறுப்புச் சாயம்.

வங்காளத்திலும் பம்பாயிலும் படத்தைத் தடை செய்தார்கள். தடை செய்யாமல் எப்படி? நம்மவன் ஒருத்தன் வெள்ளைக்காரனைக் காப்பாற்றக் கொம்பூதிவிட்டுச் சாகிறான், அதற்கு மேல் அவனுக்குக் கதையில் வேலை இல்லை.

முதல்முறை அந்த இடத்துக்குப் போனபோது அருங்காட்சியகத்தில் வாங்கிய படப்பிடிப்பு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாறை பாறையாகத் தேடினேன். ஒரு பாறையின் இடுப்பில் வெளுப்பாகச் சிமென்ட் ஒட்டிய தடம். அதைச் சுற்றி நல்ல பாறை, துருப்பிடித்த நிறம், நகத்தால் கீறினால் பொடி உதிரும். சிமென்ட் மட்டும் உதிரவில்லை. அந்தப் படத்தின் மிச்சமா, வேறு எந்தப் படத்தின் மிச்சமா, அதற்குப் பட்டயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. கலிஃபோர்னியாவில் ஒரு மூலையில், நான் பிறப்பதற்கு வெகு முன்னால், என் நாடு என்று எதையோ கட்டிப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

2008இல் வந்த 'அயர்ன் மேன்' தொடக்கத்தில் ஆப்கானிஸ்தான் என்று காட்டும் ஏவுகணைக் காட்சியும் இந்தப் பக்கம்தான். எல்லைப்புறம் எழுபது வருடத்தில் கொஞ்சம் மேற்கே நகர்ந்திருக்கிறது, பாறை மட்டும் அதே பாறை. உங்கள் பையனுக்கு இதைச் சொல்லுங்கள், ஜான் வெய்னை விடுங்கள்.

மார்ச் 8

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் முறைப்பாக வந்துவிட்டது. அந்தப் படத்தைப் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. சண்டைக்காட்சிகள் இன்றைக்கும் நிற்கின்றன. ஊருக்குப் போகும் முன் பார்த்துவிட்டுப் போனால் பாறைகளுக்கு நடுவே நடப்பது இன்னும் ருசியாக இருக்கும். மாமியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு காளி கோயில் காட்சியைப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

மார்ச் 9

சான் டியாகோ நண்பர் எழுதியிருக்கிறார்: "அலபாமா குன்றுகள் உலகிலேயே பழமையான குன்றுகள், வழிகாட்டி சொன்னார்."

இந்தக் கதையை அந்த ஊரில் எனக்கும் சொன்னார்கள். இல்லை. பின்னால் நிற்கும் சியராவும் இந்த உருண்டைகளும் ஏறக்குறைய ஒரே வயதுக் கருங்கல். மலை உயரத்தில் பனியிலும் பனியாற்றிலும் அடிபட்டுக் கூராக உடைந்தது. கீழே இருப்பது மண்ணுக்குள் ஈரத்தில் ஊறி, மூலை முனையெல்லாம் கரைந்து உருண்டையானது. மேல்மண் போனதும் வெளியே தெரிகிறது. பார்க்கக் கிழமாக இருப்பதால் வயது கூடிவிடாது. என்னைக் கேளுங்கள்.

பெயர் மட்டும் வேடிக்கையானது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் பக்கத்துக் கப்பல் 'அலபாமா'. அதன் வெற்றியைக் கொண்டாடித் தெற்கு அனுதாபிகளான சுரங்கக்காரர்கள் இந்தக் குன்றுகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 1864இல் வடக்குப் பக்கத்து 'கியர்சார்ஜ்' அந்தக் கப்பலை மூழ்கடித்ததும், கொஞ்சம் வடக்கே இருந்த எதிர்க்கட்சிச் சுரங்கக்காரர்கள் தங்கள் பக்கத்துச் சிகரத்துக்கும் கணவாய்க்கும் கியர்சார்ஜ் என்று வைத்துப் பழி தீர்த்துக்கொண்டார்கள். வரைபடத்தில் இரண்டும் இன்னும் முறைத்துக்கொண்டு இருக்கின்றன.

மார்ச் 9, சற்று நேரம் கழித்து

அதே நண்பர் விட்னி என்று போட்ட புகைப்படத்தில் இருப்பது விட்னி இல்லை. லோன் பைன் சிகரம். ஊரில் நின்று பார்த்தால் அதுதான் பெரிசாகத் தெரியும், பக்கத்தில் இருப்பதால். விட்னி அதற்கு வலப்பக்கம், தள்ளி, ஊசி ஊசியாக நிற்கும் வரிசைக்குப் பக்கத்தில், பார்த்தால் ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கும். ஊரில் பாதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொள்வது தப்பான மலையோடுதான்.

மார்ச் 12

காற்று. இதை முதலிலேயே எழுதியிருக்கலாம், கதை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சியராவைத் தாண்டி வரும் மேல்காற்று இந்தப் பக்கம் இறங்கும்போது அலையாக மடிகிறது. 1950களின் தொடக்கத்தில் இதை ஆராயவே கிளைடர் விமானங்களைக் கொண்டுவந்து வடக்கே பிஷப் என்ற ஊர்ப் பக்கம் பறக்கவிட்டார்கள். நமக்கு அதன் அடிப்பகுதிதான் கிடைக்கும். 395இல் "உயரமான வண்டிகளுக்கு எச்சரிக்கை" என்று பலகை எரிந்தால் அது நம்மைத்தான் சொல்கிறது. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகப் பிடித்தே ஓட்ட வேண்டியிருக்கும். லாரி ஒன்று எதிரே கடந்ததும் காற்று ஒரு நொடி நிற்கும், அந்த நொடியில் வண்டி உங்கள் பிடியின் பக்கம் பாயும். பயப்பட வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள்.

டட்டில் க்ரீக்கில் ஒரு சாயங்காலம். ஆடாத இலை. பக்கத்து வண்டிக்காரர் ஆனிங்கை, அதாவது வண்டிப் பக்கத்தில் விரிக்கும் துணிப் பந்தலை, முழுக்க விரித்து, கீழே மேசை போட்டு, குடும்பத்தோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். நான் உள்ளே ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன். முதலில் கூரைமேல் இருக்கும் காற்றோட்ட மூடி படபடவென்று அடித்தது. அடுப்பு நெருப்பு நீலத்திலிருந்து மஞ்சளாகி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எட்டிப் பார்ப்பதற்குள் அவருடைய ஆனிங் துணி, கம்பி, கால் எல்லாம் சேர்ந்து எழும்பி வண்டிக் கூரைக்கு மேலே மடிந்து மறுபக்கம் தொங்கியது. சீட்டுக்கட்டு டெத் வேலிக்குப் போய்விட்டது. அவர் நின்ற நிலையில் அப்படியே நின்றார். அன்றைக்கு அவருக்கும் சேர்த்து ரசம்.

ஆகவே: வெயில் இருந்தாலும் ஆனிங்கை விரித்துவிட்டு எங்கேயும் போகாதீர்கள். தூங்கும் முன் சுருட்டுங்கள். ஸ்லைடு அவுட் (வெளியே நீளும் பக்க அறை) இருந்தால், பெருங்காற்றில் அதையும் உள்ளே இழுத்துவிடுங்கள். வண்டியின் மூக்கை மலைப் பக்கம் வைத்து நிறுத்தினால் ஆட்டம் குறையும்.

மார்ச் 13

"சீட்டுக்கட்டு டெத் வேலிக்குப் போகாது, ஓவன்ஸ் ஏரியில் விழுந்திருக்கும்" என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். திசைப்படி அவர் சொல்வது சரி. ஆனால் ஏரி என்று ஒன்று இருந்தால்தானே.

மார்ச் 15

ஏரியைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள். ஊருக்குத் தெற்கே வெள்ளையாக, பரப்பாக, ஏரி மாதிரி ஒன்று தெரியும். அது ஓவன்ஸ் ஏரியின் தரை. 1913இல் லாஸ் ஏஞ்சலஸ் இந்தப் பள்ளத்தாக்கின் ஆற்றைக் கால்வாயில் திருப்பித் தன் ஊருக்குக் கொண்டுபோனது. 1920களின் நடுவிலேயே ஏரி காய்ந்துவிட்டது. அப்புறம் உப்பும் தூசியும் பறந்தன. ஒரு காலத்தில் நாட்டிலேயே மோசமான தூசி கிளம்பிய இடம். தூசியை அடக்க லாஸ் ஏஞ்சலஸ் மாநகரம் இதுவரை இரண்டு பில்லியன் டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது. எடுத்த தண்ணீரில் கொஞ்சம் திருப்பிவிட்டு, சரளை போட்டு, புல் வளர்த்து.

இதில் சினிமா எங்கே வருகிறது என்றால், 1924 நவம்பர் 16. பள்ளத்தாக்குக்காரர்கள் எழுபது பேர் ஊருக்கு வடக்கே கால்வாயின் அலபாமா மதகைக் கைப்பற்றி, திறந்து, லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகிற தண்ணீரைப் பழைய ஆற்றிலேயே விட்டார்கள். நாலு நாள். ஊரே கூடிவிட்டது, பெண்கள் குழந்தைகள் உட்பட. இறைச்சி சுட்டுப் பந்தி போட்டார்கள். அப்போது பக்கத்தில் படப்பிடிப்பில் இருந்த டாம் மிக்ஸ், அன்றைய கௌபாய் சூப்பர் ஸ்டார், தன் வாத்தியக் குழுவை அங்கே வாசிக்க அனுப்பி வைத்தார். ஒரு பக்கம் அட்டைத் துப்பாக்கியோடு பண்ணைக்காரனைக் காப்பாற்றும் நடிகர், மூன்று நாலு மைலில் நிஜத் துப்பாக்கியோடு நிஜப் பண்ணைக்காரர்கள். பண்ணைக்காரர்கள்தான் தோற்றார்கள். அது படமாக இருந்தால் முடிவை மாற்றியிருப்பார்கள்.

அந்த மதகு இன்றும் 395இலிருந்து தெரிகிறது. நின்று பார்க்க ஒரு சின்ன வீடு மாதிரி கட்டடம், அவ்வளவுதான்.

தஞ்சாவூர்க்காரர் ஒருவர், "அப்போ நான் வந்தா அங்கே வீட்டில இருக்கிற மாதிரியே இருக்கும்" என்கிறார். வாருங்கள்.

மார்ச் 16

1872 நிலநடுக்கம் பற்றி ஒருவர் நினைவூட்டினார். மார்ச் 26, விடியற்காலை இரண்டரை மணி. மண்வீடுகள். 59 வீட்டில் 52 விழுந்தன, 27 பேர் செத்தார்கள். ஊருக்கு வடக்கே சாலையோரம் ஒரு மேட்டில் அவர்களில் பலரை ஒன்றாகப் புதைத்த இடம் வேலி போட்டு இருக்கிறது. பெரிய வண்டிக்குத் திரும்ப இடம் கம்மி.

மார்ச் 20

அருங்காட்சியகம். மெயின் ஸ்ட்ரீட்டின் தெற்குக் கோடி. மேற்கத்தியத் திரைப்பட வரலாற்று அருங்காட்சியகம் என்று நீளமான பெயர். 2006இல் திறந்தார்கள். வெயில் உச்சியில் இருக்கும்போது போங்கள், அந்த நேரத்தில் பாறையைப் பார்த்தால் தட்டையாக, வெளிறிப்போய்க் கிடக்கும். பாறைக்கு விடியற்காலை, அருங்காட்சியகத்துக்கு மத்தியானம். 'ஹை சியரா'வில் ஹம்ஃப்ரி போகார்ட் ஓட்டிய 1937 பிளிமத் கார் அங்கே நிற்கிறது. அந்தப் படத்தின் கடைசித் துரத்தல் எடுத்தது, நான் ஆர்.வி.யில் போகாதே என்று சொன்ன அதே விட்னி போர்ட்டல் சாலைதான். 'ஜாங்கோ அன்செயின்ட்' படத்துப் பல் வைத்தியர் வண்டியும் இருக்கிறது, உச்சியில் ஸ்பிரிங்கில் ஆடும் பெரிய பல்லோடு. சின்னப் பிள்ளைகளுக்கு 'ட்ரெமர்ஸ்' படத்துப் பூமிப் புழு. ஜிகினா வைத்த சட்டைகள், சேணங்கள், சுவரொட்டிகள். சுவரொட்டிகளை மட்டும் நிதானமாகப் பாருங்கள், வில்லன் யார் வில்லன் இல்லை என்று தொப்பி நிறத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

அக்டோபரில் கொலம்பஸ் தின வாரக் கடைசியில் திரைப்பட விழா, 1990 முதல். படப்பிடிப்பு நடந்த பாறைக்கே அழைத்துப் போவார்கள். அந்த வாரம் மட்டும் ஆர்.வி. இடம் மாதக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும்.

மார்ச் 21

வடக்கே பத்து மைலில் மன்சனார் இருக்கிறது என்று யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் எழுதவில்லை, நானே எழுதுகிறேன்.

1942 மார்ச்சிலிருந்து 1945 நவம்பர் வரை அங்கே முள்வேலிக்குள் ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்து வைத்திருந்தார்கள். ஒரே சமயத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல். குற்றம், விசாரணை ஒன்றும் கிடையாது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். இப்போது தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது, அனுமதி இலவசம், ஆர்.வி. நிறுத்த நிறைய இடம். கண்காணிப்புக் கோபுரம் ஒன்றையும் மரப்பலகைக் கொட்டகைகள் சிலவற்றையும் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். கொட்டகைக்குள் போய் நில்லுங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி. நான் போன அன்று காற்று அடித்தது, உள்ளே ஜன்னல் ஓரத்தில் விரல் வைத்தால் தூசி ஒட்டியது. அந்தத் தூசியில் படுத்துத் தூங்கிப் பிள்ளை வளர்த்திருக்கிறார்கள்.

இதை இந்த இழையில் எழுத ஒரு காரணம் உண்டு. 1955இல் 'பேட் டே அட் பிளாக் ராக்' என்று ஒரு படம், ஜான் ஸ்டர்ஜஸ் இயக்கியது. கறுப்புச் சூட் போட்ட ஒற்றைக் கைக்காரர் ஒருவர், ஸ்பென்சர் ட்ரேசி, பாலைவனத்து ஊர் ஒன்றில் ரயிலைவிட்டு இறங்குகிறார். கொமோகோ என்ற ஜப்பானிய விவசாயியைத் தேடி வந்திருக்கிறார். ஊரே வாயை மூடிக்கொள்கிறது. ஊர்க்காரர்கள் அந்த விவசாயியைக் கொன்றுவிட்டார்கள், கொன்றதை எல்லாரும் சேர்ந்து மறைக்கிறார்கள். அந்த ஊரை எங்கே கட்டிப் படம் எடுத்தார்கள் தெரியுமா? லோன் பைன் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டி. மன்சனார் மூடிப் பத்து வருடம்கூட ஆகவில்லை. ஒரே பள்ளத்தாக்கு. படத்தில் முகாமைப் பற்றிக் காட்சி இல்லை. ஆனால் அந்த இடத்தில் அந்தக் கதையை எடுத்தவர்களுக்கு வடக்கே பத்து மைலில் என்ன இருந்தது என்று தெரியாமல் இருந்திருக்காது. இது என் ஊகம்தான். ஊகம் என்றாலும் விடமாட்டேன்.

இந்த ஊரில் எடுத்ததிலேயே ஒரு படம் மட்டும் பாருங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். எண்பத்து ஒரு நிமிடம். மாமியாரோடும் பார்க்கலாம்.

மார்ச் 22

"ஓய்வெடுக்கப் போகிற இடத்தில் இதெல்லாம் எதற்கு?" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. உங்கள் இஷ்டம். பெட்ரோல் போட்டுவிட்டுப் போங்கள். அங்கே பெட்ரோல் விலையும் கொஞ்சம் கூடத்தான்.

மார்ச் 29

கேட்ட வாசகிக்குத் திட்டம், கேட்டதால்: மத்தியானத்துக்குள் வந்து சேருங்கள், அருங்காட்சியகம், அப்புறம் ஆர்.வி. பார்க்கில் வண்டியைப் போட்டுத் தண்ணீர், கழிவு டேங்குகளைப் பாருங்கள். மறுநாள் இருட்டோடு எழுந்து மூவி ரோடு. ஆர்.வி.யைத் தார் முடிகிற இடத்திலேயே ஓரம் கட்டிவிட்டு நடங்கள். சூரியன் முதலில் மலை உச்சியில் படும், அப்புறம்தான் பாறைக்கு இறங்கும். மோபியஸ் என்ற பாறை வளைவு வரை நடை எளிது, மாமியாரால் முடியும், செருப்பு மட்டும் வேண்டாம். பாம்பு பற்றி: ஏப்ரலில் ராட்டில்ஸ்னேக் வெளியே வரத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத பாறை இடுக்கில் கை வைக்கக்கூடாது, அவ்வளவே. ஒன்பது மணிக்குத் திரும்பி இட்லி. பிறகு மன்சனார். இரண்டாவது ராத்திரியும் லோன் பைனிலேயே. அதற்கு மறுநாள் காலை 136 பிடித்து, 190இல் சேர்ந்து டெத் வேலி.

190இல் பனமிண்ட் பள்ளத்தாக்கு இறக்கமும் அதற்கப்புறம் டௌன் கணவாய் ஏற்றமும் வாடகை வண்டிக்குச் சோதனை. இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறையுங்கள். ஏறும்போது ஏ.சி.யை நிறுத்துங்கள். லோன் பைனில் பெட்ரோல் டேங்க் நிரப்பாமல் கிளம்பாதீர்கள்.

இட்லி மாவு அங்கே கிடைக்காது, கேட்டவருக்குப் பதில். லாஸ் ஏஞ்சலஸிலேயே வாங்கி, ஃப்ரிட்ஜ் கதவைக் கயிறு போட்டுக் கட்டுங்கள். புளித்த மாவு ஆர்.வி. தரைவிரிப்பில் கொட்டினால் டெபாசிட் திரும்பாது.

ஏப்ரல் 24

வாசகி போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார். ஒரு ராத்திரிதான் தங்கினார்களாம், இரண்டாவதற்கு வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. பையனுக்குப் பூமிப் புழு பிடித்தது. மாமியார் அருங்காட்சியகத்துத் திரையில் கங்கா தின் துண்டு ஒன்று ஓடியதைப் பார்த்துவிட்டு, "இவனுக்கு யார் தலைப்பாகை கட்டி விட்டா? அவிழ்ந்து விழப்போறது" என்றாராம். எண்பது வருடத்தில் அந்தப் படத்துக்கு வந்த விமர்சனங்களில் எனக்குப் பிடித்தது இது.

மன்சனாருக்கு வாசகி மட்டும் போனாராம், மற்றவர்கள் வண்டியில் தூங்கினார்கள். அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 26

அடுத்து யூட்டாவில் கனாப் போகலாமா, அதுவும் கௌபாய் பட ஊர்தானே என்கிறார். போகலாம். ஆனால் அது வேறு ஊர், வேறு மண், சிவப்பு. தனி இழை தொடங்குங்கள். தொடங்கும் முன் உங்கள் வண்டியின் உயரத்தையும் அகலத்தையும் டேப் பிடித்து அளந்து எழுதுங்கள், பக்கக் கண்ணாடியையும் கூரைமேல் ஏ.சி.யையும் சேர்த்து. வாடகைக் காகிதத்தில் போட்ட அளவு வேண்டாம். ஸையன் பூங்கா வழியாகப் போகிற பழைய சுரங்கப்பாதை எல்லா ஆர்.வி.யையும் விடாது.